மூன்று நிறத்தில் ஒரு நெத்திலி

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு துறைமுக அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தேன். கப்பல் அணையும் சுவர், கிரேன் ஓடும் தண்டவாளம், மழைநீர்க் கால்வாய், அதிகாரிகளின் கழிப்பறை என்று எல்லாவற்றையும் வரைந்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் திருத்தங்கள் அதிகம் வந்தன.

எங்கள் பிரிவில் நிறத்துக்குச் சட்டம் உண்டு. புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள், தண்ணீர் நீலம், எழுத்து கறுப்பு. அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. சரியான நிறமா என்று மட்டும் கேட்பார்கள். வேலையின் கடைசி ஐந்து ஆண்டுகள் பழைய தாள் வரைபடங்களை ஸ்கேன் செய்து, கணினியில் கோடுகளாக மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் கறுப்புக் கோடு. அதனால் படத்தைக் கோடாக்கும் கலையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணத்தோடு ஓய்வு பெற்றேன். அந்த எண்ணத்தை ஒரு மீன் கெடுத்தது.

திருவொற்றியூரில் என் வீட்டு வாசலுக்குப் பன்னிரண்டு வருடமாக மீன் கொண்டுவரும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். என்னை ‘ஆபீசரம்மா’ என்று கூப்பிடுவார். நான் ஒருநாளும் அதிகாரியாக இருந்ததில்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. எழுத்துமூலம் தெரிவித்தால் ஒருவேளை ஏற்றுக்கொள்வார்.

மாசி மாதத்தில் ஒரு காலை கூடையை இறக்கி வைத்தவர், மீனை எடுக்காமல் போனை எடுத்தார்.

“இந்த மீனு படத்த பாக்கெட்டு மேல போடணும்மா. பிரிண்டுக்காரரு இது ஆவாதுன்றாரு. வெக்டரா குடுன்றாரு. அது இன்னா கருமமோ. நீதான் படம் போடுறவளாச்சே.”

படத்தைப் பார்த்தேன். ஒரு படகின் முகப்பில் யாரோ பெயின்டால் வரைந்த நெத்திலி. வரைந்தவன் தாராள மனசுக்காரன். நெத்திலி வஞ்சிரம் அளவுக்கு இருந்தது. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். போனுக்குப் போன் அனுப்பி அனுப்பி, நாலு வீடு மாறிய பீரோ போலப் படம் ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

“நெத்திலிக்கு ஏது சிவப்புக் கண்?”

“வரைஞ்சவன் கண்ணாடில அவன் கண்ண பாத்து வரைஞ்சிருப்பான்.”

“படகு எங்கே? நேரில் வந்து நல்லதாக ஒரு போட்டோ எடுக்கிறேன்.”

“படகுக்கு போன வருசமே வேற பெயின்ட் அடிச்சாச்சு. இப்ப அதுல புலி கீது.”

சரி, புதிதாக ஒரு மீன் வரைந்து தருகிறேன் என்றேன். அதற்கு அவர் ஒப்பவில்லை. குப்பத்தில் எல்லோருக்கும் அந்த மீனைத் தெரியும். அந்தப் படகு வந்தால் நெத்திலி படகு வந்தது என்றுதான் சொல்வார்களாம். இவர் தலைவியாக இருக்கும் மகளிர் குழுவில் பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து இந்த மீன்தான் என்று முடிவெடுத்தாயிற்று. தீர்மானம் நிறைவேறிய பிறகு அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். அந்தப் பன்னிரண்டு பேரும் கருவாடு போடுகிறவர்கள். இத்தனை நாள் சாலையோரத்தில் குவித்து விற்றார்கள். எண்ணூரில் சாலையோரம் விற்கும் எதையும் வாங்குகிறவர்கள் முதலில் விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள், அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டுகிறதா என்று. இவர்கள் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, மேலே வலை மூடி, சுத்தமாகத்தான் காயவைக்கிறார்கள். ஆனால் தேய்க்கிற விரலிடம் அதைச் சொல்ல முடியாது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். இப்போது மகளிர் குழுக்களின் பொருள்களை மட்டும் விற்கும் ஒரு கடை, கருவாட்டை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. நிபந்தனை ஒன்று: அச்சிட்ட பாக்கெட்டில் வரவேண்டும். பங்குனி முடிவதற்குள் மாதிரியைக் காட்டவேண்டும்.

சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகாது. கூடைக்கு வேலை இல்லை.

“போன தடைக்கு நாங்க ஆறு பேரு வூட்டு வேலைக்குப் போனோம்” என்றார். “ஒரு வூட்டுல மீனு நாத்தம் வருதுன்னு என்னை பின்வாசல் வழியா வரச் சொன்னாங்க. இந்த வாட்டி நான் எவ வூட்டுக்கும் பாத்திரம் தேய்க்கப் போறதில்ல. இப்பவே கருவாடு போட்டு சேத்து வெச்சிகிறோம். அதான் பாக்கெட்டு.”

அவர் குரலில் கோபம் இல்லை. முடிவெடுத்துவிட்டவர்களுக்குக் கோபம் தேவைப்படாது.

அன்று மாலையே உட்கார்ந்தேன். போனில் எடுத்த படம் என்பது பொடிப்பொடிக் கட்டங்களின் கூட்டம். கட்டத்துக்கு ஒரு நிறம். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும். வெக்டர் என்பது நாங்கள் வரைந்த மாதிரி: ஒரு கோடு, அதற்குள் நிரப்பிய ஒரு நிறம். கப்பல் அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு கத்திபோல இருக்கும். அந்தப் பாக்கெட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யப்போகிறார்கள். நிறத்துக்கு ஒரு மரச்சட்டம். சட்டத்தில் மெல்லிய துணி. மை இறங்கவேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். குழுவின் கையிருப்புக்கும் மிச்சமிருந்த நாளுக்கும் மூன்று சட்டம்தான் தாங்கும். ஆக, மூன்று நிறம்.

படத்தைக் கணினி நிரலுக்குள் போட்டு, கோடாக மாற்று என்றேன். மாற்றியது. அந்த ஒற்றை நெத்திலியில் எழுநூறுக்கு மேல் நிறங்கள் இருப்பதாகச் சொன்னது. கண்ணுக்குத் தெரிந்தவை நாலைந்துதான். மற்றதெல்லாம் வெயில், பெயின்டின் சொரசொரப்பு, அனுப்பி அனுப்பி ஒட்டிய அழுக்கு.

மூன்றாகக் குறை என்று கட்டளையிட்டேன். ஒரு நொடியில் குறைத்துவிட்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கா பிரிண்டுக்காரர் பிகு பண்ணினார் என்று நினைத்து, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மறுநாளே எண்ணூருக்குப் பஸ் ஏறினேன்.

பரண்களுக்குப் பக்கத்தில் பெண்கள் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். தாள் கைமாறிக் கைமாறிப் போயிற்று. பிறகு ஒருத்தி கேட்டாள்.

“இன்னா ஆபீசரம்மா, குருட்டு மீனா?”

வாங்கிப் பார்த்தேன். கண்ணைக் காணோம். கண் இருந்த இடத்தில் நீலம்.

“மீன் வாங்கசொல்ல மொதல்ல கண்ணத்தான் பாப்பாங்க” என்றார் தலைவி. “கண்ணே இல்லாத மீன எவ வாங்குவா?”

“கருவாட்டுக்குத்தான் கண்ணு எப்படியும் போயிடுதே அக்கா” என்றாள் இன்னொருத்தி.

“உன் கண்ணு போச்சு. உள்ள இருக்கிறது கருவாடு. மேல இருக்கிறது மீனு. மேல உயிரோட இருக்கணும்.”

அந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த தொழில்நுட்ப அறிவுரைகளில் அதுதான் தலைசிறந்தது.

வீட்டுக்கு வந்து என்ன நடந்தது என்று பார்த்தேன். நிரல் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறொன்றுமில்லை, தேர்தல்தான். எந்த நிறம் அதிக இடம் பிடித்திருக்கிறதோ அது ஜெயிக்கும். படகின் நீலம் பாதிப் படத்தை அடைத்திருந்தது. ஆகவே மூன்று இடத்தில் இரண்டை நீலத்தின் இரண்டு சாயல்கள் பிடித்துக்கொண்டன. மூன்றாவது சாம்பல். மிளகளவு சிவப்புக்கு டெபாசிட் போயிற்று. நான் செய்திருக்க வேண்டியது நிறத்தை முதலில் நானே நியமிப்பது. எங்கள் அலுவலகத்தில் சிவப்பு எவ்வளவு சிறிய இடத்தில் வந்தாலும் சிவப்புத்தான். அரை அடிச் சுவருக்கும் அது உண்டு. அதை மறந்து, இயந்திரம் முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு வரும் சோம்பல்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். மீனைச் சுற்றிக் கடலுக்கும் அலைக்கும் நீலம் ஒன்று, கண்ணுக்குச் சிவப்பு ஒன்று, விளிம்புக் கோட்டுக்கும் எழுத்துக்கும் கறுப்பு ஒன்று. மீனின் உடம்பில் ஏகப்பட்ட சாம்பல் சாயல்கள் இருந்தன. எல்லாவற்றையும் வெள்ளையாக்கி, வெள்ளையை அழித்துவிட்டேன். அங்கே தாள் தெரியும். மேலே நீலப் பட்டையில் ‘நெத்திலிக் கருவாடு’ என்ற எழுத்தையும் அப்படியே வெட்டியெடுத்தேன். வெள்ளை எழுத்து, மை செலவில்லாமல்.

பிறகு இன்னொரு தொல்லை. நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடமெல்லாம் மெல்லிய வெளிர்நீலக் கீற்று. போட்டோவில் விளிம்பு வழவழப்பாகத் தெரிவதற்காகக் கேமரா நடுவில் ஒரு கலப்பு நிறத்தைப் போட்டுவைக்கும். கோடாக மாற்றும்போது அதுவும் தனி நிறமாகப் பதிவாகிவிடும். அலுவலகக் கவுண்டருக்கும் அதிகாரிக்கும் நடுவே நிற்கும் தரகர்மாதிரி: எந்தப் பக்கத்திலும் சம்பளம் கிடையாது, எல்லா இடத்திலும் இருப்பார். ஒவ்வொரு கீற்றாகப் பிடித்துப் பக்கத்து நிறத்தோடு சேர்த்தேன். மூன்று நாள் ஆயிற்று.

பழக்கதோஷத்தில் படத்தின் கீழே வலது மூலையில் விவரக் கட்டமும் போட்டேன். தலைப்பு, அளவு, வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி, திருத்தம் எண், பொருள். எந்தப் பொருளால் செய்யப்படுவது என்று எழுதும் கட்டம் அது. கான்கிரீட், எஃகு, மரம் என்று நிரப்புவோம். மீனுக்கு என்ன எழுதுவது? ஒரு சிறு கோடு போட்டு விட்டுவிட்டேன். அந்தச் சிறு கோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குப்பத்தில் இந்த மீனுக்கு ஒப்புதல் கிடைத்தது. “இப்ப மொறைக்குது” என்றார்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தலைவியும் நானும் மெட்ரோவில் போய், ஆட்டோ பிடித்து யானைக்கவுனி போனோம். பிரிண்டுக்காரரின் கடை ஒரு சந்தில், முதல் மாடியில். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். அவர் தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசினார். சுவரெல்லாம் மரச்சட்டங்கள், கம்பியில் தொங்கும் பைகள், மையின் நெடி. ஃபைலைத் திறந்து நிறங்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்த்தார்.

“மேடம், நல்லா சுத்தமா பண்ணியிருக்கீங்க. ஆனா நிறமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கரெக்டா முட்டிட்டு நிக்குது.”

“முட்டத்தானே வேண்டும்?”

“கம்ப்யூட்டர்ல முட்டும். என் சட்டம் ஒரு நூல் நகர்ந்தா நடுவுல இடைவெளி விழுந்திடும். ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏற விடுங்க.”

துறைமுகத்தில் ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். இங்கே தாண்டாவிட்டால் தப்பு. சரி, சிவப்பு கறுப்புக்கு அடியில் மயிரிழை நுழையும்படி அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று நிறத்தையும் அச்சடித்துக் காட்டினார். நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, மூலையில் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டேன்.

“மேடம் கவர்மென்டா?” என்று தலைவியிடம் கேட்டார்.

“ஆமா. இன்னும் முழுசா வுடல அது.”

ஐந்து நாள் கழித்து மாதிரிப் பைகள் வந்தன. தலைவி அவற்றை முதலில் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே செய்தி தெரிந்துவிட்டது.

“பேரு படிக்க முடியலன்றாங்க.”

பையை வாங்கினேன். வெள்ளிப் பை. அலுமினியத் தகடு ஒட்டிய, வழவழப்பான, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பை. ஈரம் உள்ளே போகாது, கருவாட்டு வாசம் வெளியே வராது. அதனால்தான் அதை வாங்கியிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே வெள்ளிப் பை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். யானைக்கவுனியில் கம்பி முழுக்க அதுதான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளைத் தாளில் வெள்ளை இலவசம். வெள்ளிப் பையில் வெள்ளை கிடையாது. நான் வெட்டியெடுத்த எழுத்துகளுக்குள் தாள் தெரியவில்லை, தகடு தெரிந்தது. ஜன்னல் பக்கம் பிடித்தால் எழுத்து மின்னியது. சுவர்ப் பக்கம் திருப்பினால் சுவரின் நிழல் எழுத்துக்குள் இறங்கி, நீலத்தோடு நீலமாக அணைந்துபோனது. கடைக்கார அம்மாள் பையைக் கறுப்பு மேசைமேல் வைத்துப் பார்த்தாராம். நெத்திலிக் கருவாடு இருந்த இடத்தில் ஒரு நீலப் பட்டை மட்டும் தெரிந்திருக்கிறது. என்ன பொருள் என்று படிக்கும்படி இருக்கவேண்டும், இது ஆகாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது விதிப்படி சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

கணினியைத் திறந்து மூலையில் இருந்த விவரக் கட்டத்தைப் பார்த்தேன். பொருள்: சிறு கோடு. முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை இளம் வரைவாளர்களை அந்த ஒரு கட்டத்துக்காகத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் அவர்களில் சிலர் போன் செய்துவிடுவார்கள் என்று பயம்.

“தப்பு என்னுடையதுதான்” என்றேன். “பை வெள்ளி என்பதை யோசிக்காமல் வெள்ளைத் தாளுக்கு வரைந்துவிட்டேன். வெள்ளைக்குத் தனியாக மை ஊற்றவேண்டும். அதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும்.”

“நாலு சட்டமா?”

“நாலு.”

தடைக்காலத்துக்கு ஆறே நாள் இருந்தது. நாலாவது சட்டத்துக்குப் பணமும் இல்லை, அதைக் காயவைக்க நாளும் இல்லை. நான் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன்: கடைக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதலாம், கால நீட்டிப்புக் கேட்கலாம், ஸ்டிக்கர் ஒட்டித் தற்காலிக அனுமதி கோரலாம். எனக்குத் தெரிந்த நடைமுறைகள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் கேட்டமாதிரித் தெரியவில்லை. பையைக் கையில் பிடித்து, முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“சொம்மா இரு ஒரு நிமிசம். மீன பாரு.”

பார்த்தேன். அதுவரை எழுத்தைத்தான் பார்த்திருந்தேன்.

மீனின் உடம்பு முழுக்க நான் வெள்ளை என்று அழித்த இடம். அங்கேயும் தகடுதான் தெரிந்தது. அவர் பையைச் சாய்க்கச் சாய்க்க, ஒளி தலையிலிருந்து வால்வரை ஓடித் திரும்பியது. வலையை இழுத்துப் போட்டவுடன் ஈரத்தில் நெத்திலி எப்படி இருக்குமோ, அப்படியே. ஏகப்பட்ட சாம்பல் சாயல்களில் அந்தப் படகு ஓவியன் பிடிக்கப் பார்த்ததும் அதைத்தான் போலும். எந்த மையாலும் அது வராது.

“துள்ளுது” என்றார். “மெய்யாலுமே துள்ளுது. இதுக்கு எத்தினி சட்டம்?”

“ஒன்றுமில்லை. அது பையின் நிறம்.”

“அப்ப சொம்மா வந்த நெறம் ஒண்ணு நம்ம கைல கீது. மிச்சம் மூணு. மூணுக்குள்ள முடி.”

வெள்ளையைச் சேர்த்தால் ஒன்றை எடுக்கவேண்டும். சிவப்பை எடுக்க முடியாது, மீன் குருடாகிவிடும். நீலத்தை எடுத்தால் கடல் போய்விடும். மிச்சம் கறுப்பு. எழுத்தும் விளிம்பும் கறுப்பில் இருக்கவேண்டும் என்பது என் உடம்பில் ஊறிய விதி. கறுப்பு இல்லாத வரைபடத்தை என் மேலதிகாரி மேசையில் வைத்திருந்தால் அவர் அதைத் தாளென்றே ஏற்றிருக்கமாட்டார்.

“கறுப்பில்லாமல் எழுத்தை எப்படி எழுதுவது?” என்றேன்.

“நீலத்துல எழுது. பள்ளிக்கூடத்துல எங்க டீச்சரு நீல இங்க்குலதான் எழுதச் சொல்லும். அப்ப படிக்க முடியலயா இன்னா?”

நீலத்தை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன், ராத்திரிக் கடல் அளவுக்கு. விளிம்பு, எடை, தேதி, பதிவு எண் எல்லாம் நீலத்துக்கு மாறின. கறுப்பை இழந்த மீன் இன்னும் சாந்தமாகத் தெரிந்தது. சிவப்பு கண்ணில் மட்டும். வெள்ளை எழுத்துக்கும் அலையின் நுரைக்கும் மட்டும். நுரையும் மின்னினால் மீன் எது, தண்ணீர் எது என்று தெரியாது. வெள்ளை முதலில் விழும், அதன் ஓரத்தில் நீலம் மயிரிழை ஏறி நிற்கும். விவரக் கட்டத்தில் பொருள் என்ற இடத்தில், ‘வெள்ளித் தகட்டுப் பை, மீன் உடம்பில் மை கூடாது’ என்று எழுதினேன். திருத்தம் எண் இரண்டு.

யானைக்கவுனியில் பிரிண்டுக்காரர் வெள்ளைத் தாளை எடுத்தார்.

“தாள் வேண்டாம்” என்றேன். “பையில் அடித்துக் காட்டுங்கள். பையில்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“போன தடவை நானே சொல்லியிருக்கணும் மேடம்” என்றார். “நீங்க தேதியெல்லாம் போட்டு எழுதுனதைப் பார்த்து, எல்லாம் தெரிஞ்சவங்கன்னு வுட்டுட்டேன்.”

“அத்த வுடு சேட்டு. தெரிஞ்சவங்கதான் பெரிய பள்ளத்துல வுழுவாங்க. நாங்கள்லாம் பாத்து நடப்போம்” என்றார் தலைவி. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

இரண்டு பழைய சட்டங்களைக் கழுவி, அதே மரத்தில் புதுப் படம் ஏற்றினார். அதனால் செலவு கட்டுக்குள் வந்தது. வெள்ளை ஒருநாள் காய்ந்தது, நீலம் ஒருநாள், சிவப்பு ஒருநாள். நான்காம் நாள் தலைவி பையைக் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன், ஒருவேளை விளக்கம் கேட்டால் சொல்ல. கடைக்கார அம்மாள் அதே கறுப்பு மேசைமேல் பையை வைத்தார். நெத்திலிக் கருவாடு என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு கையில் எடுத்து, எங்களைப் பார்க்காமல், ஒருமுறை சாய்த்தார். இன்னொருமுறை சாய்த்தார். முதல் தவணைக்கு எத்தனை பாக்கெட் தரமுடியும் என்று கேட்டார். என்னிடம் யாரும் எந்த விளக்கமும் கேட்கவில்லை. கையில் தயாராக வைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தடைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரம் வாசலில் அவர் குரல் கேட்டது. கூடை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. தோள் கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே வந்து ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தார்.

“வேலைக்கு யாராவது கூப்பிட்டார்களா?” என்று கேட்டேன்.

“கூப்ட்டாங்க. போன வருச பின்வாசல் வூடுதான். நேரமில்ல, பாக்கெட்டு போடணும்னு சொல்லிட்டேன்.” அந்த வாக்கியத்தை அவர் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்; வழவழவென்று வந்தது. “அது கெடக்கட்டும். ஒரு பேஜாரு. கடைல நம்ம பாக்கெட்ட கீழ்த் தட்டுல வெச்சிகிறாங்க. ஊறுகா பாட்டிலுக்குப் பின்னாடி. அங்க வெளிச்சமே இல்ல. மீனு செத்துக் கெடக்குது. மேல் தட்டுல, டியூப் லைட்டாண்ட வெக்கணும். சொன்னா அந்தப் பொண்ணு, எதுனா இருந்தா எழுதிக் குடுங்கன்னுது.”

எழுதிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை.

தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பொருளில், ‘விற்பனைப் பொருளை ஒளி படும் தட்டுக்கு மாற்றக் கோருதல்’ என்று எழுதினேன். முதல் பத்தியில் கோரிக்கை. இரண்டாம் பத்தியில் காரணம்: மேற்படி பாக்கெட்டில் மீனின் உடம்பு அச்சிடப்படவில்லை, பையின் பரப்பே அதன் நிறம், ஒளி பட்டால் மட்டுமே அது மீனாகத் தெரியும். எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“‘மேற்படி’ நல்லா கீது” என்றார். “அத்த இன்னொரு எடத்துலயும் போடு.”

போட்டேன். பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும் என்றேன்; பாக்கெட் போடும்போதே வாங்கிவிடலாம் என்றார். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

“நாளைக்கு நீயும் வா ஆபீசரம்மா. நீ நின்னா ஒடனே மாத்துவாங்க.”

நான் அதிகாரி இல்லை என்று இந்த முறை சொல்லவில்லை.